கடுகு இணைந்திருக்கிறார்

பேசுவதுதான் என் தொழில். வாடகைக் கார் நிறுவனம் ஒன்றின் கன்ட்ரோல் ரூமில் மைக் முன்னால் உட்கார்ந்து, நகரம் முழுக்கச் சிதறிக் கிடந்த வண்டிகளை என் தொண்டையால் மேய்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டுநர்கள் எனக்கு வைத்த பெயர் மைக் அக்கா. என் சொந்தப் பெயர் அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. யாராவது சுற்று வழியில் போனால் மைக்கிலேயே மானத்தை வாங்குவேன். பயணி பயந்து போய்ப் பேசினால் வண்டி வந்து சேரும்வரை லைனை வைக்க மாட்டேன். வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்பார்கள். நான் பிழைத்தது முழுக்க அந்த வாயால்தான்.

வாய் அப்படியே இருக்க, குரல் போய்விட்டது. குரல்நாணில் ஏதோ முளைத்திருக்கிறது என்றார்கள். அறுத்து எடுத்தார்கள். இத்தனை மாதம் ஒரு சொல்கூடப் பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்றார் டாக்டர். பிறகு சத்தம் கொஞ்சம் வரும், ஆனால் மைக்கில் பேசுகிற குரல் வராது என்று அவர் சொன்னபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அழுதேன். சத்தமில்லாமல் அழுவது எவ்வளவு எரிச்சலான காரியம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீட்டில் எனக்கு ஒரு சின்ன எழுதுபலகை வாங்கிக் கொடுத்தார்கள். குழந்தைகள் கிறுக்கிவிட்டுத் துடைப்பார்களே, அது. நான் எழுதி முடிப்பதற்குள் பேச்சு நாலு தெரு தாண்டிப் போயிருக்கும். என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். மோட்டார் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகியவர். நான் பலகையைத் தூக்கிக் காட்டும்போது அவர் கண் டிவியில் இருக்கும்.

ஒருநாள் எங்கள் மேனேஜர் பழப்பையோடு வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தார்.

"அக்கா, மைக்ல இனிமே கஷ்டம். உங்களுக்கே தெரியும். ஆனா அடுத்த மாசத்திலேருந்து மெசேஜ்ல புக்கிங் எடுக்கப் போறோம். கஸ்டமர் எழுதுவாங்க, நாம எழுதணும். உங்களுக்கு சாட் பண்ண வருமா? வரும்னா அந்த சீட் உங்களுக்குத்தான். வராதுன்னா வேற யாரையாவது போட்டுடுவேன், தப்பா நினைக்காதீங்க."

பலகையில் பெரிதாக எழுதினேன்: "வரும்."

பச்சைப் பொய். எனக்கு வந்த மெசேஜுக்கெல்லாம் ஃபோன் போட்டுப் பதில் சொன்னவள் நான். ஆனால் அந்தச் சீட்டை விட்டால் எனக்கு வேறு இடம் கிடையாது. மிச்சக் காலம் முழுக்க இந்தக் கூடத்தில் பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, யார் திரும்பிப் பார்ப்பார்கள் என்று காத்திருக்க வேண்டியதுதான். அது என்னால் ஆகாது. அடுத்த மாதத்துக்குள் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

என் மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க "இது தெளிவா இருக்கா, இது தெளிவா இருக்கா" என்று கேட்டுக் கேட்டுப் பொறுமை வந்துவிட்டது. அவள்தான் எனக்காக ஒரு அரட்டைக் குழுவைக் கண்டுபிடித்தாள். தொண்டை அறுவை சிகிச்சை செய்துகொண்ட இதே நகரத்துக்காரர்கள் எழுதிப் பேசிக்கொள்கிற குழு. யாரும் சேரலாம்.

"அங்கே போய்ப் பழகும்மா. எல்லாருமே எழுதறவங்க. உன்னை யாரும் அவசரப்படுத்த மாட்டாங்க" என்றாள். சொல்லிவிட்டு விரலை மடக்க ஆரம்பித்தாள். "பேர் போடாதே. ஃபோன் நம்பர், வீடு, வேலை பார்க்கிற இடம், போட்டோ, ஒண்ணும் கூடாது. எல்லாரும் இருக்கிற இடத்துலயே பேசு. யாராவது தனியா வந்து எழுதினா உஷாரா இரு. ஒரு மாதிரி பேசினா முதல்ல ஸ்க்ரீன்ஷாட் எடு, அப்புறம் பிளாக் பண்ணு, அப்புறம் குழுவைப் பார்த்துக்கறவர்கிட்ட சொல்லு."

நகரத்தின் ஓட்டுநர்களையெல்லாம் ஆட்டிவைத்தவளுக்கே பாடமா என்று எனக்குச் சுருக்கென்றது. "நான் என்ன பாப்பாவா?" என்று பலகையில் எழுதிக் காட்டினேன். அவள் மசியவில்லை. தன்னை பிளாக் செய்யச் சொல்லி, மறுபடி எடுக்கச் சொல்லிப் பழக்கினாள். எனக்கு அது பிடித்துப் போய்விட்டது. அவள் அந்தப் பக்கம் போனதும் என் கணவரையும் பிளாக் செய்து பார்த்தேன், அன்று மாலைவரை எடுக்க மறந்துவிட்டேன். சாவியை எடுத்துப் போகவில்லை, கதவைத் திறந்து வை என்று அவர் அனுப்பியது எதுவும் எனக்கு வந்து சேரவில்லை. வந்து வாசலில் நின்று கத்தினார். அந்த வசதியாவது அவருக்கு இருந்தது.

குழுவில் வைத்துக்கொள்ள ஒரு பெயர் வேண்டுமே. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது. அதனால் கடுகு. முதல் தடவை உள்ளே நுழைந்தபோது திரையின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி வந்தது: கடுகு இணைந்திருக்கிறார். ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தேன்: "வணக்கம் ஓவர்."

உடனே ஒருவர் கேட்டார்: "என்னங்க ஓவர்?"

மைக் பழக்கம். பேசி முடித்ததும் ஓவர் சொன்னால்தான் அடுத்தவன் வாயைத் திறப்பான். அதை எப்படி விளக்குவது என்று தெரியாமல், "சும்மா ஓவர்" என்று எழுதினேன். அந்தப் பக்கம் சிரிப்புப் பொம்மைகள் மழையாகக் கொட்டின. என் குரல் போனதிலிருந்து நான் சொன்ன எதற்கும் யாரும் சிரித்திருக்கவில்லை. உள்ளுக்குள் ஏதோ இளகிவிட்டது.

ஓவரைக் கேட்டவர் விசில். குழுவைப் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான். கால்பந்தாட்ட நடுவராக இருந்தாராம். குரல்வளையையே எடுத்துவிட்டார்கள், மூச்சு கழுத்துத் துளை வழியாகப் போகிறது. "இப்போ விசில் ஊதினாலும் சத்தம் வராது. அதான் பேரையாவது வெச்சிருக்கேன்" என்று எழுதினார். அங்கே எல்லாரும் இப்படித்தான், தங்கள் தொண்டையைத் தாங்களே கிண்டல் செய்துகொண்டார்கள். பனித்துளி என்று ஒரு பெண் மட்டும் எதுவும் எழுத மாட்டாள். யார் எதைச் சொன்னாலும் ஒரு பூவைப் போடுவாள்.

நான் வெறி பிடித்தவளைப் போலப் பழகினேன். அரிசி கொதிக்கும்போது அடித்தேன். பேருந்தில் அடித்தேன். செய்தித்தாள் தலைப்புகளைப் பார்த்துப் பார்த்து அடித்தேன். முதலில் ‘ழ’ எங்கே இருக்கிறது என்று தேடுவதற்குள் பால் பொங்கிவிடும். போகப் போக விரலுக்கு இடம் தெரிந்தது. மகள் கடையிலிருந்தே எனக்குப் பொய்யான புக்கிங் அனுப்புவாள். வண்டி எங்கே வரணும் என்று அவளே ஓட்டுநராகவும் கேட்பாள். எங்கள் வீட்டையே இடமாக வைத்து நான் சட்டென்று பதில் அடிக்க வேண்டும்.

அதில் எனக்கு ஒரு ஒழுங்கு உண்டு. கன்ட்ரோல் ரூமில் ஓட்டுநர் "எங்கே வரணும்" என்று கேட்டால் ஒரு நொடி தயங்கக் கூடாது. தயங்கினால் அங்கே ஒருவர் நடுத்தெருவில் நிற்பார். இடம், அடையாளம், எந்த மாடி, எத்தனை பேர் என்று மூச்சு விடாமல் அதே வரிசையில் சொல்லி முடிக்க வேண்டும். நான் தூக்கத்தில்கூடச் சொல்லுவேன் என்று ஓட்டுநர்கள் சொல்வார்கள். இப்போது அது தொண்டையிலிருந்து விரலுக்கு இறங்கிவிட்டது. எனக்கு அதில் ஒரே பெருமை.

அந்தச் சமயத்தில்தான் நிழல்மரம் வந்தான். குழுவில் ஒன்றிரண்டு வார்த்தை எழுதிவிட்டு, எனக்குத் தனியாக எழுத ஆரம்பித்தான். அவனுக்கும் தொண்டையில் ஆபரேஷனாம். "உங்க வலி எனக்குப் புரியுது" என்றான். பெயர் கேட்டான், சொல்லவில்லை. போட்டோ கேட்டான், கொடுக்கவில்லை. எந்த ஏரியா என்று கேட்டான், பேச்சை மாற்றினேன். தனியாக எழுதுகிறவனிடம் உஷாராக இருக்கச் சொன்னாளே மகள், அதைத் தவிர, பேசாதே என்று சொல்லவில்லையே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், வலி புரிகிறது என்று ஒருவர் எழுதுவதைப் படிக்க நன்றாக இருந்தது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அன்று பகல் நான் தனியாக இருந்தேன். மகள் புக்கிங்காக அனுப்பித் தள்ளிக்கொண்டிருந்தாள். எங்கே வரணும், எங்கே வரணும் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. நான் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். நடுவில் திரையின் மேல்விளிம்பில் நிழல்மரத்தின் மெசேஜ் குதித்தது.

"உங்க தொண்டைக்கு நல்ல மருந்து வாங்கி அனுப்பியிருக்கேன். வண்டி கிளம்பிடுச்சு. டிரைவர் கேக்கறார். எங்கே வரணும்?"

வண்டி கிளம்பிவிட்டது, டிரைவர் கேட்கிறார், எங்கே வரணும். என் விரல்கள் என்னைக் கேட்கவில்லை. "பஸ் ஸ்டாப் எதிர்ச் சந்து, சலவைக்கடை மாடி, பச்சை கேட், மேல் தளம். ஒரு ஆள்" என்று அடித்து அனுப்பிவிட்டு, அடுத்த புக்கிங்குக்குக் காத்திருந்தேன்.

"ஒரு ஆள்தானா? வீட்ல வேற யாரும் இல்லையா?" என்று வந்தது. நான் அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று. "அப்போ மருந்தை நானே கொண்டு வரேன். கதவைத் திறந்து வைங்க."

யாருக்கு என்ன அனுப்பினேன் என்று அப்போதுதான் உறைத்தது. யானைக்கும் அடி சறுக்கும், சரி. நுணலும் தன் வாயால் கெடும், அதுவும் சரி. வாயே இல்லாமல் கெட்ட முதல் தவளை நானாகத்தான் இருப்பேன். யாருக்காவது ஃபோன் போட்டால் அந்தப் பக்கம் மூச்சுதான் கேட்கும். ஜன்னலைத் திறந்து கத்தலாம் என்றால் கத்துவதற்கு எதுவும் இல்லை.

விபத்தில் மாட்டிய ஓட்டுநர்களிடம் நான் ஒன்று சொல்வேன்: பதறாதே, முதலில் வண்டியை ஓரங்கட்டு. அதையே எனக்குச் சொல்லிக்கொண்டேன். அவனுக்குப் பதில் எழுதவில்லை. அவன் எழுதியதை எல்லாம் ஸ்க்ரீன்ஷாட் எடுத்தேன். எடுத்த பிறகுதான் பிளாக் செய்தேன். படங்களை மகளுக்கும் கணவருக்கும் விசிலுக்கும் அனுப்பினேன். வீட்டைப் பூட்டிக்கொண்டு, பலகையோடு கீழே சலவைக்கடைக்கு இறங்கினேன்.

"ஒருத்தன் வருவான். நான் இங்கே இருக்கணும்" என்று எழுதிக் காட்டினேன். சலவைக்கடைக்காரம்மா ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்துவிட்டு, தொங்குகிற கோட்டுகளுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். பிறகு பெட்டியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்து நின்றார்.

அவன் வந்தான். மோட்டார் சைக்கிள், ஹெல்மெட். கையில் மருந்தும் இல்லை, மாத்திரையும் இல்லை. பச்சை கேட்டருகே நின்று மேலே பார்த்தான். ஃபோனில் ஏதோ அடித்தான். மாடிக்குப் போய் மணியை அடித்துவிட்டு இறங்கி வந்தான். மறுபடி ஏறலாமா என்று யோசிப்பவனைப் போல நின்றான். சந்து முனையில் என் கணவரின் கம்பெனி வேன் திரும்பியதும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். அதற்குள் வண்டி எண்ணை நான் பலகையில் எழுதியிருந்தேன்.

போலீஸ் ஸ்டேஷனில் அதிகாரி ஸ்க்ரீன்ஷாட்டுகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "முன்னப்பின்ன தெரியாத ஆளுக்கு நீங்க ஏம்மா அட்ரஸ் குடுத்தீங்க?" என்றார்.

பலகையில் எழுதி அவர் மேஜைமேல் வைத்தேன்: "அதையும் எழுதிக்குங்க. அவன் ஏன் கேட்டான்னு முதல்ல எழுதுங்க."

அவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒழுங்காக எழுதிக்கொண்டார். வண்டி எண் போலியாக இருக்கலாம், ஆனாலும் தேடுகிறோம் என்றார். பேச முடியாதவர்கள் அவசரத்துக்கு மெசேஜ் அனுப்ப ஒரு எண் இருக்கிறது என்று சொல்லி, அதையும் என் ஃபோனில் பதிந்து கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் என் கணவர் ஆரம்பித்துவிட்டார்.

"போதும். அந்தக் கருமத்தை ஃபோன்லேருந்து எடுத்துடு. சீட்டும் வேணாம், சாட்டும் வேணாம். நீ வீட்ல நிம்மதியா இரு."

"மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தச் சொல்றீங்க" என்று எழுதினேன்.

"மூட்டைப்பூச்சியா அவன்? என் வீட்டு வாசல்ல வந்து நின்னு மணி அடிச்சிருக்கான்." அவர் குரல் உடைந்தது. "நான் வர்றதுக்குள்ள என்ன வேணா ஆகியிருக்கும். ஒரு லிஃப்ட் ஒரு தடவை வழுக்கினாலே நான் அதுக்குப் பூட்டுப் போட்டுடுவேன். ஆளை ஏத்த விடமாட்டேன்."

"பூட்டுப் போட்டுட்டு என்ன செய்வீங்க? ரிப்பேர் பண்ணி மறுபடி ஓட விடத்தானே உங்களுக்குச் சம்பளம்? அதை மாதிரிதான் இதுவும். எங்கே வழுக்கிச்சுன்னு எனக்குத் தெரியும். இனிமே" என்று எழுதிக்கொண்டிருக்கும்போதே பலகையை என் கையிலிருந்து வாங்கி, படித்து முடிக்காமல் துடைத்துவிட்டார்.

வேண்டுமென்று செய்திருக்க மாட்டார். பயத்தில் செய்தார். ஆனால் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது. பேசுகிறவர்கள் வாயை யாரும் இப்படித் துடைத்துவிட முடியாது. என் ஃபோனை எடுத்து, அதே கூடத்தில் எதிரே உட்கார்ந்திருந்த அவருக்கு மெசேஜ் அனுப்பினேன்: "இதைத் துடைக்க முடியாது. நான் அந்தச் சீட்டுக்குப் போவேன்." அவர் ஃபோன் பிப் என்றது. பார்த்தார். கவிழ்த்து வைத்தார்.

மகள் வந்து, "அப்பா, தப்பு சாட்ல இல்ல" என்று பஞ்சாயத்துக்கு உட்கார்ந்தாள். எடுபடவில்லை. காலையில் வேலைக்குப் போவதற்கு முன் தானே எடுத்துவிடப் போவதாக அவர் சொல்லிவிட்டார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் இருவரும் ஒரு வேளை முழுக்கப் பேசாமல் சாப்பிட்டது அன்றுதான். என்னைப் பொறுத்தவரை அதில் புதுசு ஒன்றுமில்லை.

காலையில் ஷூ மாட்டிக்கொண்டு, கருவிப் பையை வாசலில் வைத்துவிட்டு, என் முன்னால் கையை நீட்டினார்.

நான் ஃபோனைக் கொடுக்கவில்லை. "குழுவுல ஒரே ஒரு தடவை எழுதிக்கறேன், அப்புறம் தரேன்" என்று பலகையைக் காட்டினேன்.

"என்னன்னு எழுதுவே? அட்ரஸ் குடுத்து ஏமாந்தேன்னா? ஊரே சிரிக்கும்."

எனக்கும் அதே பயம்தான். முந்தின நாளே விசில் அவனைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டார். "உங்க பேர் வெளிய வராது. நீங்களா சொன்னா உண்டு, இல்லேன்னா இல்ல" என்று எனக்கு எழுதியிருந்தார். சொல்லாமலே இருந்துவிடலாம். ஆனால் அவன் ஒரு பெயரில் போய் இன்னொரு பெயரில் வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? நானே கடுகாவதற்கு ஒரு நிமிஷம்தானே ஆனது. அவர் கை நீட்டியபடி நிற்க, நான் அடித்தேன்.

"நான் கடுகு. நிழல்மரம்னு ஒருத்தன் எனக்குத் தனியா எழுதிட்டிருந்தான். தொண்டைக்கு மருந்து அனுப்பறேன்னான். நான் என் அட்ரஸைக் குடுத்துட்டேன். தனியா இருக்கேன்னும் சொல்லிட்டேன். நேத்து என் வீட்டு வாசல் வரைக்கும் வந்துட்டான். போலீஸ்ல சொல்லியாச்சு. வேற பேர்ல வருவான். மருந்து தரேன்னு யார் தனியா எழுதினாலும் வீட்டைச் சொல்லாதீங்க. ஏற்கெனவே சொல்லியிருந்தா வெட்கப்படாம இங்கே சொல்லுங்க. நான் சொல்லிட்டேன், பாருங்க."

ஒருவரும் எதுவும் எழுதவில்லை. எப்போதும் சந்தைக்கடை மாதிரி இருக்கும் குழு. விசில் எப்போதும் போடுகிற கட்டைவிரல் பொம்மைகூட வரவில்லை. என் காது சூடாகிவிட்டது. கணவர் கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, குடு" என்றார்.

அப்போது ஒருவர் எழுதினார்: "எனக்கும் எழுதினான்." கீழேயே இன்னொருவர்: "எனக்கும். அசிங்கமா இருந்துச்சு. யார்கிட்டயும் சொல்லல." அடுத்து, பூவைத் தவிர எதுவும் போடாத பனித்துளி எழுதினாள்: "அக்கா, எனக்கு மருந்து தரேன்னு சொன்னவர் பேர் வேற. ஆனா இதே மாதிரிதான் கேட்டார். இன்னிக்குக் காலைல வரேன்னார். நான் அட்ரஸ் குடுத்துட்டேன்."

நான் பதில் அடிக்கும் முன்பே அடுத்தது வந்தது. "மணி அடிக்குது."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"திறக்காதீங்க. தாழ்ப்பாள் போட்டிருக்கா?"

"போட்டிருக்கு."

"கூட யாரு?"

"யாரும் இல்ல. எனக்குக் குரல் இல்ல அக்கா."

"எனக்கும்தான் இல்ல. அட்ரஸை இங்கே எழுதாதீங்க. போலீஸ் நம்பர் அனுப்பறேன், அதுக்கு மட்டும் எழுதுங்க. பேச முடியாதுன்னும் போடுங்க." எண்ணை அனுப்பினேன். "போட்டாச்சா?"

"போட்டாச்சு. கதவைத் தட்டறான்."

"கீழ்வீட்ல ஆள் இருக்காங்களா?"

"இருக்காங்க."

"கனமான பாத்திரம் ஒண்ணு எடுங்க. தரையில அடிங்க. அவங்க மேல வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க. ஃபோனைக் கீழ வெச்சுட்டு அடிங்க."

அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. குழுவில் ஒருவரும் குறுக்கே எழுதவில்லை. எத்தனையோ பயணிகளோடு வண்டி வரும்வரை லைனில் இருந்திருக்கிறேன். அவர்கள் மூச்சாவது எனக்குக் கேட்கும். இங்கே வெறும் வெள்ளைத் திரை. கணவர் எப்போது என் பின்னால் வந்தார் என்று தெரியவில்லை. ஷூவோடு வந்து, ஷூவோடேயே பாயில் உட்கார்ந்து, என் தோளுக்கு மேலே படித்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு?" என்றார்.

தெரியவில்லை என்று தலையை அசைத்தேன்.

"பயத்துல படி வழியா வெளிய ஓடிடப் போறாங்க. வெளிய வர வேணாம்னு எழுது. அவன் போயிட்டான்னாலும் போலீஸ் வந்து பேர் சொன்ன பிறகு திறந்தாப் போதும்னு எழுது."

எழுதினேன். "‘பேர்’ முன்னாடி போலீஸ்னு போட்டியா, பாரு. இல்லேன்னா அவன் பேர் சொன்னாலும் திறந்துடுவாங்க" என்றார். போட்டிருந்தேன். அவர் என் தோளைப் பிடித்திருந்த பிடி வலித்தது. நான் விலக்கவில்லை.

பனித்துளி என்ற பெயருக்குப் பக்கத்தில் புள்ளிகள் ஓடின. நின்றன. மறுபடி ஓடின.

"கீழ்வீட்டு அண்ணன் கத்திக்கிட்டே மேல வந்தார். அவன் மாடியிலேருந்து இறங்க வழி இல்லாம மாட்டிக்கிட்டான். நாலு பேர் பிடிச்சு வெச்சிருக்காங்க. போலீஸ் வண்டிச் சத்தம் கேக்குது. கை வலிக்குது அக்கா."

குழுவில் அதன் பிறகு வந்து விழுந்ததை என்னால் படித்து முடிக்க முடியவில்லை. கண் மறைத்தது. விசில் மட்டும் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தார், கோல் கோல் கோல் என்று. நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஃபோனை என் கணவரிடம் நீட்டினேன். சொன்ன சொல் சொல்தானே. எடுப்பதானால் எடுக்கட்டும், நான் மறுபடி போடுவேன்.

அவர் வாங்கினார். திரையைப் பார்த்தார், வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து போய், மேஜையிலிருந்து சார்ஜரை எடுத்து வந்து, என் பக்கத்துச் சுவரில் செருகி, ஃபோனில் மாட்டி என் கையில் கொடுத்தார்.

"சிவப்புக் கோட்டுக்கு வந்துடுச்சு பாரு. அடுத்த மாசம் சீட்ல போய் உக்கார்றப்பவும் இப்படித்தான் சார்ஜ் இல்லாம உக்காருவியா?" என்று சிடுசிடுத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்.